நூலும் நூலும்: பின்னல் அகராதிகளை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

நூல் என்ற சொல்லுக்கு நன்னூல் பாயிரம் இரண்டு விளக்கம் தருகிறது. ஒன்று நூற்பது பற்றியது. சொல் பஞ்சு, புலவன் நூற்கும் பெண், அவன் வாய் அவள் கை, அவன் அறிவு அவள் கதிர். மற்றது தச்சன் மரத்தில் போடும் நூல். மரத்தின் கோணலைக் காட்டி நேராக்குவதுபோல மனக்கோணலை நேராக்குவதால் புத்தகத்துக்கும் அந்தப் பெயர். தமிழ் எம்.ஏ. படித்தவர்கள் எல்லோரும் இதைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்திருப்போம். திரும்பப் படிக்கும்போது ஒன்று உறுத்துகிறது. நூற்கும் பெண் அங்கே உவமைக்காக மட்டும் வருகிறாள். அவள் கையிலிருக்கும் அறிவு புலவனின் வாயை விளக்குவதோடு தீர்ந்துபோகிறது. அந்தக் கையின் வேலையைப் பற்றியே ஒரு நூல் எழுதப்பட்டால் அது எப்படி இருக்கும், யார் எழுதுவார்கள், யார் பெயரில் வரும் என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை.

இந்தக் கேள்விக்கு உருப்படியான பதில் வேறொரு மண்ணில், வேறொரு கைவேலையின் வரலாற்றில் கிடைக்கிறது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் கம்பளிப் பின்னலுக்கு எழுதப்பட்ட அகராதிகளைச் சொல்கிறேன். 'ஸ்வெட்டர் பின்னுகிற புத்தகத்தில் என்னய்யா கோட்பாடு, பொம்பளைகள் பொழுதுபோக்கு' என்று நண்பர்கள் சிரிக்கலாம். சிரித்துவிட்டுத் தொடர்ந்து படிக்கட்டும். ஒப்பாரியையும் நாட்டு வைத்தியத்தையும் விதைநெல்லின் பெயர்களையும் தொகுக்கக் கிளம்பியிருக்கிற நமக்கு, தொகுப்பு என்ற காரியத்தின் அரசியலை இவ்வளவு துலக்கமாகக் காட்டும் துறை வேறொன்று அகப்படுவது கஷ்டம்.

முதலில் பின்னல் அகராதி என்றால் என்ன என்று சொல்லிவிட வேண்டும். ஸ்வெட்டர் புத்தகம் கதை மாதிரி. இத்தனை கண்ணி போடு, இத்தனை வரிசை பின்னு, கழுத்துக்கு இவ்வளவு குறை என்று கொண்டுபோய் கடைசியில் ஒரு ஸ்வெட்டரில் விடும். அகராதியில் உடுப்பு எதுவும் கிடையாது. நூற்றுக்கணக்கான பின்னல் வகைகள் மட்டும் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் சின்னதாக ஒரு மாதிரித் துண்டின் படம், அதைப் பின்னும் முறை, ஒரு பெயர். எடுத்துக் குல்லாயில் வைப்பதோ சால்வையில் வைப்பதோ பின்னுகிறவர் பாடு. ஸ்வெட்டர் புத்தகம் கீழ்ப்படியச் சொல்கிறது, அகராதி சொற்களைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது.

2

பின்னலின் அடிப்படை ரொம்ப எளிது. ஒரு கண்ணிக்குள் இன்னொரு கண்ணியை இழுக்க வேண்டும், அவ்வளவுதான். நம் பக்கமிருந்து பார்க்கும்போது ஒரு மாதிரி தெரிவதை நிட் என்கிறார்கள், அதன் முதுகுப்புறத்தை பர்ல் என்கிறார்கள். நிட், பர்ல் என்று இரண்டு கண்ணிகள் இல்லை. ஒரே கண்ணியின் முன்னும் பின்னும்தான் இரண்டு பெயர் வாங்கியிருக்கின்றன. இதோடு கூட்டுவது, குறைப்பது, இடம் மாற்றிக் கடப்பது என்ற சில அசைவுகளைச் சேர்த்தால் ஆயிரக்கணக்கான வகைகள் பிறக்கின்றன.

இது கைக்குத் தெரியும். எழுத்துக்குத் தெரிய வெகுகாலம் பிடித்தது. ஆங்கிலத்தில் அச்சான பின்னல் குறிப்புகளில் இதுவரை தெரிந்தவற்றுள் மிகப் பழையது 1655-இல் லண்டனில் வந்த 'நேச்சுரா எக்ஸென்டெராட்டா' என்ற வைத்தியக் குறிப்பு நூலில் இருக்கிறது. ஒரு காலுறை பின்னும் முறை. முழுக்க முழுக்க வாக்கியங்களாக, மூச்சு விடாமல் ஓடும். ஏற்கனவே காலுறை பின்னத் தெரிந்தவருக்குத்தான் அது புரியும். தெரிந்தவருக்கு அது தேவையுமில்லை. கையின் அறிவைப் பேச்சுமொழியில் அப்படியே கொட்டினால் என்ன ஆகும் என்பதற்கு அது சாட்சி.

1840-இல் எடின்பரோவில் ஜேன் காகெய்ன் என்ற பெண் 'தி லேடிஸ் அசிஸ்டன்ட்' என்று தொடங்கும் நீண்ட தலைப்பில் ஒரு புத்தகம் கொண்டுவந்தார். கம்பளி நூலும் கைவேலைச் சாமான்களும் விற்ற குடும்பம். கடைக்கு வரும் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்துச் சொல்லிக் கொடுத்து, எழுதும் முறை ஒன்றை அவரே உண்டாக்க வேண்டியிருந்தது. முழுச் சொற்களுக்குப் பதில் ஒற்றை எழுத்துகளைப் போட்டார். ஓர் அசைவின் மறுவகையைக் காட்ட அந்த எழுத்தையே தலைகீழாக அச்சிட்டார். அச்சுக்கோப்பவர் எரிச்சல்பட்டிருப்பார். ஆனால் அந்த இடத்தில்தான் பின்னல் வாக்கியத்திலிருந்து விடுபட்டுச் சூத்திரமாகிறது. அவர் வகுத்த எழுத்துகள் அப்படியே நிலைக்கவில்லை. சுருக்கக் குறி என்ற எண்ணம் நிலைத்தது. இன்றைய ஆங்கிலப் பின்னல் எழுத்து அந்த எண்ணத்தின் வாரிசு.

சூத்திரம் என்றால் உரை வேண்டும் என்பது நமக்குத் தெரிந்த விஷயம். உரையாக அங்கே இருந்தது பக்கத்திலிருந்த இன்னொரு பெண்ணின் கை. புத்தகம் வந்த பிறகும் அம்மாவிடமோ அத்தையிடமோ ஒருமுறை பார்த்தால்தான் பிடிபடும். எழுத்து கையை நீக்கிவிடவில்லை, கை போகாத ஊருக்கும் போய்ச் சேர்ந்தது.

3

அந்தத் தலைப்பில் இருக்கும் 'லேடி' யார்? பின்னலை அலங்காரக் கைவேலையாகச் செய்ய நேரமும் நல்ல நூல் வாங்கக் காசும் உள்ள நடுத்தர வர்க்கத்துப் பெண். அதே காலத்தில் அதே ஸ்காட்லாந்தின் வடகோடியில் ஷெட்லாந்துத் தீவுகளில் பின்னல் கூலிவேலை. உன்ஸ்ட் தீவுப் பெண்கள் பின்னிய லேஸ் சால்வை கல்யாண மோதிரத்துக்குள் நுழைந்து வெளியே வரும் என்பார்கள், அவ்வளவு மெல்லிசு. அவர்கள் புத்தகம் பார்த்துப் பின்னவில்லை. தாயிடமிருந்து மகளுக்குக் கையோடு போனது. 1840களிலேயே ஷெட்லாந்து என்ற பெயரைத் தாங்கிய மாதிரிகள் அச்சுப் புத்தகங்களுக்குள் வந்துவிட்டன. அவற்றைக் கையில் வைத்திருந்த பெண்களின் பெயர்கள் வரவில்லை.

அவர்களுக்குக் கூலி எப்படிக் கிடைத்தது என்பது 1872-இல் வெளியான அரசு விசாரணை அறிக்கையில் பதிவாகியிருக்கிறது. வியாபாரி சால்வையை வாங்கிக்கொண்டு காசு தரமாட்டான், கடைச் சரக்கைத் தருவான். தேயிலை, துணி இப்படி. அரிசி பருப்பு மாதிரி அன்றாடம் அடுப்பில் வைக்கிற மாவுக்கு, அந்தத் தேயிலையைக் கொண்டுபோய் அக்கம்பக்கத்தில் மாற்றிக்கொள்ள வேண்டும். பின்னுகிற பெண்களே விசாரணையின் முன் வந்து இதைச் சொன்னார்கள். நுணுக்கமான லேஸ் வகைகளைப் பற்றிப் பேசும் எந்தப் பின்னல் புத்தகத்துக்கும் பக்கத்தில் இந்த அறிக்கையையும் வைத்துப் படிக்க வேண்டும். ஒன்றில் கண்ணிகள் இருக்கின்றன, மற்றதில் கைகள்.

அந்த ஷெட்லாந்து வகை ஒன்றையே எடுத்துக்கொள்வோம். சிப்பி வரிபோல, கரையில் அலை மடிந்ததுபோல வரும். 18 கண்ணி ஒரு மடங்கு, 4 வரிசை ஒரு சுற்று. முதல் வரிசை முழுக்க நிட். இரண்டாவது முழுக்க பர்ல். மூன்றாவதில்தான் வேலை: இரண்டிரண்டு கண்ணியாகச் சேர்த்து நிட், மூன்று தடவை, அப்புறம் நூலை ஊசிமேல் ஒரு சுற்று போட்டு ஒரு நிட், இப்படி ஆறு தடவை, மறுபடி இரண்டிரண்டாகச் சேர்த்து மூன்று தடவை. நான்காவது வரிசை முழுக்க நிட். கணக்குப் பாருங்கள். குறைந்தது ஆறு, கூடியது ஆறு. 18 போட்டால் 18 திரும்பி வருகிறது. கூட்டலும் குறைத்தலும் வேறுவேறு இடத்தில் நடப்பதால் நேரான வரிசை அலையாக வளைகிறது. இந்த நாலு வரியில் அச்சுப்பிழை வந்தாலும் வாசகரே எண்ணிக் கண்டுபிடித்துவிடலாம். ஆசிரியரின் அதிகாரத்தை நம்பத் தேவையில்லாத பிரதி இது.

பெயருக்கு வந்தால் சிக்கல். இது 'ஓல்ட் ஷெல்' என்றும் அச்சாகியிருக்கிறது, 'ஓல்ட் ஷேல்' என்றும் அச்சாகியிருக்கிறது. 'ஃபெதர் அண்ட் ஃபேன்' என்று சில புத்தகங்கள் இதையே சொல்லும், சில புத்தகங்கள் அது வேறு என்று சண்டைக்கு வரும். அமெரிக்கர் 'சீட்' என்பதை பிரிட்டனில் 'மாஸ்' என்பார்கள். அமெரிக்கரின் 'மாஸ்' வேறொன்று. ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பித்தவர்களுக்கு இது புதிதல்ல, பாடபேதம். நல்ல பதிப்பாசிரியர் பாடபேதத்தை அடிக்குறிப்பில் காட்டுவார். மோசமானவர் ஒன்றை அசல் என்று முடிவுகட்டி மற்றதை அழிப்பார். பின்னல் அகராதிகளிலும் இந்த இரண்டு சாதியும் உண்டு.

4

1955-இல் கிளாடிஸ் தாம்ப்ஸன் பிரிட்டிஷ் மீனவர்களின் கர்ன்ஸி என்ற பின்னல் சட்டைகளின் வகைகளைத் தொகுத்து வெளியிட்டார். ஃபைலி, ஃப்ளாம்பரோ, விட்பி என்று கடலோர ஊர்களுக்கே போய், மீனவர் உடம்பில் கிடந்த சட்டையைப் பார்த்துக் கண்ணி எண்ணினார், பின்னிய பெண்களிடம் கேட்டார். ஊர் ஊராகப் பதிவு செய்தார். அந்த உழைப்பு இல்லாவிட்டால் பல வகைகள் மக்கிப்போயிருக்கும்.

ஆனால் ஊர்ப்பெயரில் பதிவு செய்ததும் ஒரு விபரீதம் நடக்கிறது. 'இது இந்த ஊர் வகை' என்பது அடையாளமாக இறுகுகிறது. ஹெர்ரிங் மீன் கூட்டம் நகரும் திசையில் படகுகளோடு, ஸ்காட்லாந்துக் கரையிலிருந்து யார்மத் வரைக்கும் இடம்பெயர்ந்த பெண்கள் இருந்தார்கள். மீன் குடலெடுத்து உப்பிட்டுப் பீப்பாயில் அடுக்கும் வேலை. வேலை இல்லாத நேரத்தில் நின்றபடியே பின்னினார்கள். ஒருத்தி சட்டையை இன்னொருத்தி பார்த்தாள், வகைகள் ஊர்விட்டு ஊர் போயின. கூலிக்காக அலைந்த பெண்களின் கையில் ஓடிக்கொண்டிருந்த ஒன்றை ஊர் எல்லைக்குள் நிறுத்தி வைப்பது தொகுப்பாளரின் பேனா.

இதைவிட மோசமான உதாரணம் அயர்லாந்தின் ஆரன் ஸ்வெட்டர். 1967-இல் ஆக்ஸ்ஃபர்டில் கம்பளி நூல் வியாபாரம் செய்த ஹைன்ஸ் எட்கர் கீவ என்பவர் பின்னலின் 'புனித வரலாறு' ஒன்றை எழுதினார். ஆரன் தீவுப் பின்னல் வகைகள் ஆயிரமாண்டுக்கு முந்தியவை, பழைய துறவிகளின் ஓவியச் சுவடியிலேயே இருக்கின்றன, ஒவ்வொரு முறுக்குக்கும் மறைபொருள் உண்டு என்கிற வகையில். 1987-இல் ரிச்சர்ட் ரட் தன் கைப்பின்னல் வரலாற்றில் இதைப் பிரித்துப் போட்டார். ரட் ஆங்கிலிக்கன் சபையின் பிஷப், நன்றாகப் பின்னவும் தெரிந்தவர். அந்தக் கனத்த வெள்ளை ஸ்வெட்டர் இருபதாம் நூற்றாண்டுக்கு முன் இருந்ததற்குச் சான்று இல்லை. அது விற்பனைக்காக வளர்ந்த பொருள்.

இன்னொரு கதையும் சேர்ந்துகொண்டது. ஒவ்வொரு குலத்துக்கும் தனிப் பின்னல், கடலில் செத்து ஒதுங்கிய உடலை அதை வைத்து அடையாளம் காண்பார்கள் என்று. ஜே.எம். சிங்கின் 1904-ஆம் வருடத்து நாடகம் 'ரைடர்ஸ் டு தி ஸீ' இதன் ஊற்றுக்கண் எனப்படுகிறது. நாடகத்தைப் போய்ப் பார்த்தால் அங்கே ஸ்வெட்டர் இல்லை, காலுறை. குல அடையாளம் இல்லை. செத்தவனின் தங்கை, தான் எத்தனை கண்ணி போட்டோம், அதில் எத்தனையை விட்டோம் என்று எண்ணிப் பார்த்துத் தன் கைவேலையைக் கண்டுகொள்கிறாள். ஒரு பெண்ணின் கணக்கு, அவளுக்கு மட்டும் தெரிந்த குறை. இதைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் குலச்சின்னத்தை வைத்தது சந்தை. உழைப்பின் நினைவு எங்கே இருந்ததோ அங்கே ரத்தத்தின் பெருமை வந்து உட்கார்ந்துகொண்டது. பழமை என்ற கதையாடல் எப்படித் தயாராகிறது என்பதை நாம் அதிகம் விளக்கிக் கேட்க வேண்டியதில்லை.

5

பார்பரா வாக்கர் 1930-இல் பிலடெல்பியாவில் பிறந்தவர். பத்திரிகைத் தொழில் படித்து நிருபராக இருந்தவர், பின்னலை வளர்ந்த பிறகு கற்றவர். 1968-இல் 'எ ட்ரெஷரி ஆஃப் நிட்டிங் பேட்டர்ன்ஸ்' வெளியிட்டார். ஐந்நூறுக்கு மேற்பட்ட வகைகள். 1970-இல் இரண்டாம் தொகுதி. இன்றைக்கும் பின்னல் அகராதி என்றால் முதலில் நினைவுக்கு வருவது இவைதான்.

அதே 1968-இல்தான் ரோலான் பார்த்தின் 'ஆசிரியனின் மரணம்' பிரெஞ்சில் வெளிவந்தது. பாரிஸில் ஆசிரியனுக்குச் சாவு அறிவிக்கப்பட்டபோது, ஆசிரியராகப் பிறக்கவே விடப்படாத பெண்களின் பிரதிகளை ஒருத்தி அமெரிக்காவில் அடுக்கிக்கொண்டிருந்தார். அவர் அதை எப்படி அடுக்கினார் என்பதைக் கவனிக்க வேண்டும். அகரவரிசையில் இல்லை, நாட்டுவாரியாக இல்லை. நிட்டும் பர்லும் மட்டும் கலந்தவை ஒரு அதிகாரம், கண்ணியைப் பின்னாமல் நகர்த்துபவை ஒன்று, துளை விழுபவை ஒன்று, கடந்து முறுக்குபவை ஒன்று. கை என்ன செய்கிறது என்பதே வகுப்பு. ஆரனும் ஷெட்லாந்தும் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்கும், உறவு அசைவில் இருப்பதால். ஒரு வகையைப் புரிந்துகொண்டவர் அடுத்ததைத் தானே ஊகிக்கலாம், புத்தகத்தில் இல்லாததையும் செய்து பார்க்கலாம். அவரே அப்படித்தான் கண்ணியை நகர்த்தும் பழைய முறையிலிருந்து இரண்டு நிறத்துக் கட்டக்கோலங்களை வளர்த்து 'மொசைக்' என்று பெயரிட்டார். இலக்கணம் விதிப்பதற்கும் இலக்கணம் திறந்துவிடுவதற்கும் உள்ள வித்தியாசம் இது.

இரண்டாம் தொகுதியில் இன்னொரு முக்கியமான காரியம். முதல் தொகுதிக்குப் பிறகு வாசகர்கள் அனுப்பிய வகைகள் சேர்ந்தன. அப்படி வந்தவற்றின் கீழே அனுப்பியவரின் பெயரும் ஊரும் அச்சாகியிருக்கின்றன. ஒரே ஒரு சின்ன வரிதான். ஆனால் காகெய்ன் காலத்திலிருந்து நூற்று முப்பது வருடத்துக் கணக்கில் இது பெரிய வரி.

வாக்கர் பெண்ணியவாதி, மதநம்பிக்கை அற்றவர். 1983-இல் பெண் தெய்வங்களையும் புராணங்களையும் பற்றி ஒரு பெரிய கலைக்களஞ்சியம் எழுதினார். இயக்கத்துப் பெண்கள் மத்தியில் அது பரவலாகப் படிக்கப்பட்டது. சொல்மூலங்களையும் தொடர்புகளையும் இஷ்டத்துக்கு இணைக்கிறார் என்று ஆய்வாளர்கள் குறை சொன்னார்கள், அந்தக் குறையில் நியாயம் உண்டு. ஒரே ஆள், அதே தொகுக்கும் ஆசை, அதே உழைப்பு. பின்னல் நூலில் ஏன் அந்தக் கோளாறு நேரவில்லை? ஒவ்வொரு பதிவும் ஊசி வழியாக வர வேண்டியிருந்தது. தவறான வரிசையைப் பின்னினால் கண்ணி மிஞ்சும், துணி கோணும், பொய் சொல்லிச் சமாளிக்க முடியாது. புராணத்தில் அப்படி ஒரு ஊசி இல்லை. நம் இயக்கத்து வரலாற்று நூல்கள் பலவற்றிலும் இல்லை.

6

சொல்லா, படமா என்பது இந்தத் துறையின் நெடுநாள் வழக்கு. 1943-இல் மேரி தாமஸ், போர்க்காலத்தில் வந்த தன் பின்னல் வகை நூலிலேயே கட்டம் போட்ட தாளில் குறிகள் வைத்துக் காட்டியிருந்தார். வாக்கரும் தன் முதல் தொகுதிகளில் பெரும்பாலும் சொல்லால் எழுதிவிட்டு, 1972-இல் முழுக்கக் கட்டப்படங்களால் ஒரு நூல் கொண்டுவந்தார். ஜப்பானில் இந்தக் குறிகளுக்குத் தேசியத் தரநிலையே உண்டு. ஹிட்டோமி ஷிடாவின் பின்னல் வகைகள் 2017-இல் ஆங்கிலத்தில் வருவதற்கு முன்பே, ஜப்பானிய எழுத்து ஒன்றுகூடத் தெரியாதவர்கள் ஜப்பானியப் புத்தகங்களை வாங்கிப் பின்னிக்கொண்டிருந்தார்கள்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. சொல்லில் எழுதிய முறை கை செய்வதை வரிசைப்படி சொல்கிறது. கட்டப்படம் துணியின் முகத்தைக் காட்டுகிறது. இரண்டு ஊசியில் திருப்பித் திருப்பிப் பின்னும்போது திரும்பும் வரிசையில் துணியின் முதுகு நம்மைப் பார்க்கும். படத்தில் நிட் என்றிருந்தால் அங்கே பர்ல் போட வேண்டும். அதாவது படம் பொருளைச் சொல்கிறது, சொல் உழைப்பைச் சொல்கிறது. படம் மட்டும் இருந்தால் பார்வை குறைந்தவரும் புதிதாகக் கற்பவரும் தவிப்பார்கள். சொல் மட்டும் இருந்தால் அடுத்த வரிசை எதன்மேல் உட்கார்கிறது என்று தெரியாமல் குருட்டுத்தனமாகப் பின்ன வேண்டும். இரண்டையும் தருவதோ, ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகக் கற்றுத் தருவதோ நல்ல அகராதிக்கு அழகு.

7

ஆக நல்ல பின்னல் அகராதி எது? எத்தனை வகை என்ற எண்ணிக்கை பெரிய விஷயமில்லை. ஒவ்வொரு வகைக்கும் எத்தனை கண்ணியின் மடங்கு என்று தலையிலேயே சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அதை எடுத்து வேறொன்றில் வைக்க முடியாது. மாதிரித் துண்டின் படம் அழகுக்காக மங்கலாக இல்லாமல் ஒவ்வொரு கண்ணியும் எண்ணக்கூடியதாக இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் தெரியும் சால்வைக்கு ஆகுமா, ஓரம் சுருளுமா என்று முதுகையும் சொல்ல வேண்டும். அசைவின் உறவுப்படி அடுக்க வேண்டும். மாற்றுப் பெயர்களை மறைக்கக் கூடாது. பழமைக்கதை அளக்கக் கூடாது. தொகுப்பவர் ஒவ்வொன்றையும் தன் கையால் பின்னிப் பார்த்திருக்க வேண்டும். யாரிடமிருந்து வந்தது என்று தெரிந்த இடத்தில் எழுத வேண்டும்.

இத்தனையும் இருந்த வாக்கரின் நூல்களே ஒரு கட்டத்தில் கடைகளில் கிடைக்காமல் போயின. 1990களின் இறுதியில் அவற்றை மறுபடி அச்சிட்டது பெரிய பதிப்பகம் எதுவும் இல்லை. விஸ்கான்ஸினில் எலிசபெத் ஜிம்மர்மன் என்ற பின்னற்காரி தொடங்கி, பிறகு அவர் மகள் நடத்திவந்த ஸ்கூல்ஹவுஸ் பிரஸ். சிறுபத்திரிகை நடத்துகிறவர்களுக்கு இதில் சொல்லாமலே புரிவது நிறைய.

மேலே சொன்ன தகுதிகளில் கம்பளி என்ற சொல்லை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். ஒப்பாரியைத் தொகுக்கிறவர் அது எந்தச் சாவுக்கு, எந்தக் கூலிக்கு, யார் வாயிலிருந்து வந்தது என்று எழுதியிருக்கிறாரா? மூலிகையைத் தொகுக்கிறவர் அதைக் கிழவியிடம் வாங்கிவிட்டுச் சித்தர் பெயரில் ஏற்றுகிறாரா? ஒரே பாட்டுக்கு இரண்டு ஊரில் இரண்டு சொல் இருந்தால், எதை அசல் என்று யார் தீர்மானித்தது? பவணந்தி சொன்ன இரண்டு நூலில் தச்சனின் நூலைத்தான் நாம் அதிகம் கையில் எடுத்திருக்கிறோம். கோணல் என்று நமக்குத் தோன்றியதையெல்லாம் செதுக்கி நேராக்கி 'மக்கள் இலக்கியம்' என்று அட்டை போட்டிருக்கிறோம். செதுக்கி விழுந்த சிராய்களில் யார் யாருடைய பெயர் போயிற்று என்ற கணக்கை இனியாவது அடுத்த பதிப்பின் முன்னுரையில் எழுதத் தொடங்கலாம்.